வீட்டு உபயோகத்துக்கு மட்டும்

ஸ்ரீபெரும்புதூர்
26.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகப்பிரியா எழுதுறேன். எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நீ, அத்தான், குட்டி சுபஸ்ரீ எல்லாரும் சுகமா இருக்கீங்களா?

குடியரசு தினமும் ஞாயித்துக்கிழமையும் ஒரே நாள்ல வந்து எங்களுக்கு ஒரு லீவு போச்சு. அந்தக் கோபத்துல உக்காந்து எழுதுறேன். போன்ல பேசலாம்தான். ஆனா எப்பக் கூப்பிட்டாலும் அத்தான் எடுத்து ஸ்பீக்கர்ல போட்டுடுறாங்க. ஸ்பீக்கர்ல நீ "நல்லா இருக்கேன்"கிறதைத் தாண்டி ஒரு வார்த்தை பேச மாட்ட. அதனால இனிமே உனக்குத் தபால்தான்.

பார்சல்ல இருக்கிறது உனக்கு. முழங்கால் வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி, கறுப்புக் கண்ணாடி ஒண்ணு. கம்பெனியில புதுசா ஒரு திட்டம் கொண்டு வந்திருக்காங்க. வேலைக்குக் குடுக்கிற சேஃப்டி சாமான் மாதிரியே வீட்டுக்கும் வாங்கிக்கலாம். பாதி விலை, சம்பளத்துல பிடிச்சுப்பாங்க. "என் வீட்டு உபயோகத்துக்கு மட்டும்"னு ஒரு பார்ம்ல கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். ஆளாளுக்குச் சமையலுக்குக் கையுறை, சுவரு ஓட்டை போடக் கண்ணாடின்னு வாங்குறாங்க. நான் உனக்கு வாங்கினேன்.

அளவு எப்படித் தெரியும்னு கேப்ப. பொங்கலுக்கு வந்தப்ப நீ மத்தியானம் அசந்து தூங்கின இல்லையா, அப்ப காலண்டர் தாளை உன் பாதத்துக்கு அடியில வச்சுப் பென்சிலால வரைஞ்சுகிட்டேன். குதிகால் வெடிப்புல பென்சில் மாட்டிக்கிச்சு. இழுத்தேன். உனக்கு முழிப்பே வரல. உள்ளங்கால்ல உணர்ச்சி இருக்கிற யாரா இருந்தாலும் முழிச்சிருப்பாங்க அக்கா.

இந்த வருஷம் பூட்ஸ் போட்டுத்தான் உப்பளத்துல இறங்கணும். சாக்குச் சொல்லக் கூடாது.

உன் தங்கை,
சுகப்பிரியா


முள்ளக்காடு
09.02.2025

பிரியமுள்ள சுகாவுக்கு அக்கா பேச்சி எழுதுதது.

நாங்க எல்லாரும் நல்ல சுகம். உனக்குச் சளி பிடிக்காம பாத்துக்கோ, அந்த ஊருப் பனி உனக்கு ஒத்துக்காது.

பார்சல் வந்துட்டு. பூட்ஸ் அளவெடுத்துச் செஞ்ச மாதிரி சரியா இருக்கு. கண்ணாடியும் நல்லா இருக்கு. சுபஸ்ரீ அதைப் போட்டுக்கிட்டு தெருவெல்லாம் சுத்தினா. போட்டுக்கிட்டுதான் இருக்கேன், நீ கவலைப்படாத.

உப்பு இப்பதான் விளைய ஆரம்பிச்சிருக்கு. வெயில் நல்லா அடிக்கி. இனிமே எதுவும் வாங்கி அனுப்பாண்டாம். உன் சம்பளம் உனக்கு இருக்கட்டும். நம்ம குடும்பத்துல நிழல்ல நின்னு வேலை பாக்கிற ஒரே ஆளு நீதான். அதைக் கெடுத்துக்கிடாத.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா
பேச்சி


ஸ்ரீபெரும்புதூர்
16.02.2025

அன்புள்ள அக்கா,

நான் நலம்தான். நீ நலமா இருக்கியான்னு இந்தத் தடவை நிஜமாவே கேக்குறேன்.

நேத்து சுபஸ்ரீ போன் எடுத்தா. அம்மா பூட்ஸ் போட்டாச்சான்னு கேட்டேன். "பூட்ஸ் பரண் மேல இருக்கு சித்தி, பூனை அதுக்குள்ள படுத்துக்கிடும்"னு சொன்னா. அதுக்குள்ள அத்தான் போனை வாங்கிட்டாங்க.

எங்க லைன்ல என் பக்கத்து இடம் சசிரேகாவுக்கு. வடக்குப்பட்டுப் பொண்ணு. உன் கடிதத்தை அவகிட்டப் படிச்சுக் காட்டினேன். "உங்க அக்கா பொய் சொல்லச் சொல்லோ கூட எம்மாம் மரியாதையா சொல்றாங்கடி"ன்னா.

என்ன நடந்துச்சுன்னு எழுது. மரியாதை வேண்டாம்.

சுகப்பிரியா


முள்ளக்காடு
20.03.2025

சுகாவுக்கு,

உடம்பு எல்லாருக்கும் பரவாயில்ல. பதில் போடப் பிந்திட்டு. என்ன எழுதன்னு தெரியாமத்தான் இருந்தேன்.

முத நாளு போட்டுக்கிட்டுத்தான் போனேன். பொம்பளையெல்லாம் சுத்தி நின்னு பாத்தாளுவ. சின்னப்பொண்ணு, "பேச்சி போலீஸ்ல சேந்துட்டா"ன்னு சிரிச்சா. பாத்தியில இறங்கி அரை மணி நேரம் ஆகல, கங்காணி வந்து "கழத்து"ன்னாவ. அந்த அளத்துல கங்காணி யாருன்னு உனக்குத் தெரியும். உங்க அத்தான்தான். "முதலாளி பாத்தா என் மானம் போயிரும். அடியில பல்லுப் பல்லா இருக்கு, பாத்தித் தரையைக் கிழிச்சிரும், சேறு கலந்து உப்பு கறுக்கும்"னாவ.

அது பொய்யில்லட்டி. நான் நின்ன எடத்துல தரை கிழிஞ்சுதான் இருந்துச்சு. தைமாசம் பூரா நாங்களே காலால மிதிச்சு மிதிச்சுக் கட்டாந்தரையாக்கின பாத்தி. அதைக் கிழிக்க எனக்கும் மனசு வரல. கழத்திட்டேன்.

ஆனா கண்ணாடியைக் கழத்தல. அதுக்கு அவுகளுக்கு ஒரு காரணமும் சொல்ல முடியல. இப்ப உப்பைப் பாத்தா கண்ணு கூசல. மத்தியானம் சின்னப்பொண்ணு ஒரு நிமிசம் வாங்கிப் போட்டுப் பாத்தா. திருப்பித் தரும்போது சிரிக்கல.

உன்கிட்டச் சொல்லாததுக்குக் காரணம், நீ சண்டைக்கு வருவ.

பேச்சி


ஸ்ரீபெரும்புதூர்
30.03.2025

அன்புள்ள அக்கா,

நல்லா இருக்கேன். சண்டைக்கு வந்திருக்கேன்.

உன் கடிதத்தைப் படிச்சதும் ஸ்டோர்ஸ் பலராமன் சார்கிட்டப் போய், அடியில பல்லு இல்லாத பூட்ஸ் இருக்கான்னு கேட்டேன். இருக்கு. கழுவுற இடத்துல போடுற வெள்ளை பூட்ஸ். அடி வழவழன்னு இருக்கும். கம்பெனிப் பேரு மட்டும் பக்கத்துல அச்சடிச்சிருக்கும். அதுவும் திட்டத்துல உண்டு.

ஆனா நீ ஒருத்தி மட்டும் போட்டா, உன் ஒருத்தியைத்தான் கழத்தச் சொல்வாங்க. அந்த அளத்துல எத்தனை பொம்பளைங்க? பதினோரு பேருன்னு ஞாபகம். திட்டத்துல ஆளுக்கு வருஷத்துக்கு ரெண்டு ஜோடிதான், எனக்கு மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான். சாப்பாட்டு நேரத்துல இதைச் சும்மா சசிரேகாகிட்டச் சொன்னேன். அவ எழுந்து நின்னு மேசையைத் தட்டி, "யார் யாருக்கு பூட்ஸ் தேவையில்லையோ கையத் தூக்குங்க"ன்னா. தூக்கிட்டாங்க. ஆளுக்கொரு ஜோடி அவங்கவங்க பேர்ல வாங்கித் தர்றதா முடிவாச்சு.

என்ன விலையோ அதை உங்க ஆளுங்க குடுத்தாப் போதும். அதுக்கு மேல ஒரு பைசா வேண்டாம். எல்லாரோட கால் அளவையும் தாள்ல வரைஞ்சு அனுப்பு. முழிச்சிருக்கும்போதே வரை.

சுகப்பிரியா


முள்ளக்காடு
20.04.2025

என் செல்லம் சுகாவுக்கு,

இங்க எல்லாரும் சுகம். இந்தச் "சுகம்" நெசமாவே எழுதுதேன்.

மூட்டை வந்து சேந்துச்சு. மறுநா காலையில பதினோரு பேரும் வெள்ளை பூட்ஸைப் போட்டுக்கிட்டு வரப்பு மேல வரிசையா நடந்து போனோம். அன்னைக்குன்னு முதலாளி அளத்துல இருந்தாரு. "என்ன வேசம் இது, கழத்துங்க"ன்னாரு. நான் ஒரு பூட்ஸைக் கழத்தி அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். "பல்லு இல்ல பாருங்க, தரை கிழியாது"ன்னேன். அவரு பாத்தாரு. பாத்துட்டு, "தரைக்காகச் சொல்லல. இன்னைக்கு பூட்ஸ் கேப்பீங்க, நாளைக்கு நாற்காலி கேப்பீங்க"ன்னாரு. அப்ப இவ்வளவு நாளும் தரை தரைன்னு சொன்னது என்னத்துக்கு?

எல்லாரும் வரப்புல உக்காந்துட்டோம்.

உங்க அத்தானை விட்டுப் பக்கத்து ஊர்ல ஆளு கூட்டியாரச் சொன்னாரு. ஒரு வண்டி நிறையப் பொம்பளைங்க வந்து எறங்குனாளுவ. எங்க காலைப் பாத்துட்டு, "இது எங்க கிடைக்கும்"னு கேட்டாளுவ. சொன்னோம். வந்த வண்டியிலேயே ஏறிப் போயிட்டாளுவ.

அதுக்குள்ள மேக்க வானம் கறுத்துட்டு. பாத்தி பூரா வாராத உப்பு. கோடை மழை பேஞ்சா எல்லாம் கரைஞ்சு தண்ணியாப் போயிரும். முதலாளி உங்க அத்தானையே எறங்கி வாரச் சொன்னாரு. கங்காணியான பிறகு அவுக பாத்தியில கால் வச்சதே இல்ல. வெறுங்காலோட எறங்கி வாரப்பலகையை இழுத்தாவ. எங்க முகத்தைப் பாக்கவே இல்ல. ஒத்தைப் பாத்தி வார முடியல. பாத்துக்கிட்டே இருந்த முதலாளி, "போட்டுத் தொலைங்க. கால் போனா என்கிட்ட வரக் கூடாது"ன்னு சொல்லிட்டு காருல ஏறிட்டாரு.

மழைக்கு முந்தி அத்தனையும் வாரிட்டோம். சின்னப்பொண்ணு மகன் எங்களை வரிசையா நிக்க வச்சு போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கான். உனக்கும் வந்திருக்கும்.

உப்புத் தண்ணி மேல்வழியா உள்ள எறங்கி உரசுது. அதுக்குப் பழைய சட்டைக் கையை வெட்டிக் கெண்டைக்கால்ல கட்டிக்கிட்டோம். இப்பச் சரியாயிட்டு.

சாயங்காலம் உங்க அத்தான் பாதத்துக்கு எண்ணெய் தடவுனேன். சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாவ.

அக்கா பேச்சி


ஸ்ரீபெரும்புதூர்
11.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். இங்கே வெயில் அதிகம். வேலை வழக்கம் போல. உங்கள் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
சுகப்பிரியா


முள்ளக்காடு
18.05.2025

ஏட்டி சுகா,

நாங்க நல்லாத்தான் இருக்கோம். உனக்கு என்ன?

நலமறிய ஆவல்னு எழுதுதவ நீ இல்ல. பள்ளிக்கூடத்துல லீவு லெட்டர்லதான் இப்படி எழுதுவ. போனும் எடுக்க மாட்டேங்க. போட்டோவைப் பத்தி எழுதினதுக்கும் பதில் இல்ல. காய்ச்சலா? எவனும் எதுவும் சொன்னானா?

மறைக்கிறது எப்படின்னு எனக்குத்தான் நல்லாத் தெரியும். நீ கத்துக்கிடாத. உடனே எழுது.

அக்கா


வடக்குப்பட்டு
27.05.2025

மரியாதைக்குரிய பேச்சி அக்காவுக்கு,

வணக்கங்க. நான் சசிரேகா. சுகா சொல்லியிருப்பா. எங்க வூட்ல எல்லாரும் சௌக்கியம். உங்க வூட்லயும் அப்படியே இருக்கணும். அட்ரஸை அவ பெட்டி மேல இருந்த உங்க லெட்டரைப் பார்த்து எடுத்தேன். அவளுக்குத் தெரியாது.

உங்க ஊரு போட்டோ சுத்திக்கினே எங்க கம்பெனி வரைக்கும் வந்துட்சு. பூட்ஸ் மேல கம்பெனி பேரு பளிச்சுனு கீது இல்ல. எச்.ஆர். மேடம் சுகாவைக் கூப்புட்டு, "வூட்டு உபயோகத்துக்குன்னு வாங்கி வெளியில வித்திருக்க, யார் யாரு உனக்கு வாங்கிக் குடுத்தது"ன்னு கேட்டாங்க. அவ எங்க பேரு ஒண்ணு கூட சொல்லல. "நான்தான் வாங்கினேன், விக்கல"ன்னு மட்டும் சொல்லிக்கினு நின்னா.

இப்ப ஒரு பேப்பர் டைப் பண்ணி வச்சிருக்காங்க. கூட வேலை செய்றவங்களை ஏமாத்தி வாங்கினேன், லாபத்துக்கு வித்தேன், மன்னிச்சுடுங்கன்னு. அதுல கையெழுத்து போட்டா ஜூன் மாசம் காண்ட்ராக்டை நீட்டிப்பாங்களாம். போடலைன்னா இல்லையாம். அவ போட மாட்டேன்றா. ஆனா சரியா சாப்பிட மாட்டேன்றா. "எங்க அக்காவுக்குத் தெரிஞ்சா, நிழல்ல இருந்த ஒரே ஆளும் போச்சுன்னு உக்காந்துடும்"னு சொன்னா.

எங்களை யாரும் ஏமாத்தலைக்கா. இன்னா ஏதுன்னு தெரிஞ்சேதான் குடுத்தோம். அதை நாங்க சொல்லப் போறோம். நீங்க அவளுக்கு ஒரு வார்த்தை எழுதுங்க. உங்க பேச்சைத்தான் கேப்பா.

இப்படிக்கு உங்க தங்கச்சி மாதிரி,
சசிரேகா


ஒரகடம்
22.06.2025

அன்புள்ள அக்கா,

நல்லா இருக்கேன். பஸ்ல அவ்வளவு தூரம் வந்துட்டுப் போனதுக்கு உன் இடுப்பு வலிக்கலையே?

அன்னைக்கு ஷிப்ட் முடிஞ்சு வெளிய வந்தா கம்பெனி கேட் பக்கத்துல நீ நிக்கிற. எனக்குக் கனவு மாதிரி இருந்துச்சு. "சும்மா உன்னைப் பாக்க வந்தேன்"னு சொன்ன. பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்ச. பஸ் ஏறும்போது, "எதுலயும் கையெழுத்துப் போடாத"ன்னு மட்டும் சொன்ன. நீ உள்ள போய் மேடத்தைப் பார்த்ததைச் சொல்லவே இல்ல. மறுநாள் சசிரேகா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளை அன்னைக்குச் சாட்சிக்குன்னு கூப்பிட்டு விசிட்டர் ரூம்லதான் உக்கார வச்சிருந்தாங்களாம்.

மேடம் உன்கிட்ட, "நீங்க யாரு, என்ன வேணும்"னு கேட்டாங்களாம். "பார்ம்ல வீட்டு உபயோகத்துக்குன்னு எழுதியிருக்கீயல்லா, அந்த வீடு நான்தான்"னு சொன்னியாம். "வித்ததுக்கு என்ன சொல்றீங்க"ன்னு கேட்டதும், நீ போட்டிருந்த பூட்ஸைக் கழத்திட்டு, அந்தப் பளபளத் தரையில வெறுங்காலை வச்சியாம். "இது ஆறாத புண்ணு. இந்த வருசம்தான் ஆறத் தொடங்கியிருக்கு. என் தங்கச்சி எடுத்த லாபம் இதுதான். இதை எழுதணும்னா நீங்க எழுதுங்க, அவ எழுத மாட்டா"ன்னு சொன்னியாம். மேடம் ரொம்ப நேரம் உன் காலையே பார்த்தாங்களாம். அப்புறம் தண்ணி கொண்டு வரச் சொன்னாங்களாம்.

இத்தனை வருஷமா ஸ்பீக்கர்ல ஒரு வார்த்தை பேசாத ஆளு நீ.

நடந்ததைச் சொல்லிடுறேன். அந்த மன்னிப்புத் தாளை எடுத்துட்டாங்க. சசிரேகாவும் மத்தவங்களும் "தெரிஞ்சே குடுத்தோம்"னு தனித்தனியா எழுதிக் குடுத்தாங்க. அவங்களை எச்சரிக்கையோட விட்டுட்டாங்க, நிரந்தர வேலைக்காரங்க. எனக்குக் காண்ட்ராக்ட் முடிஞ்ச அன்னைக்கு, நீட்டிக்கலைன்னு சொல்லிட்டாங்க. மேடம், "என்னால இவ்வளவுதான் முடிஞ்சது"ன்னாங்க. நான் ஐடி கார்டைக் குடுத்துட்டு வந்துட்டேன்.

வருத்தமே இல்லைன்னா அது பொய். அந்தக் கம்பெனி பஸ் ரோட்டுல போகும்போது இன்னும் கை தானா நிறுத்தச் சொல்லி எழும்புது. ஆனா திருடின்னு எந்தத் தாள்லயும் என் கையெழுத்து இல்ல. ஒரகடத்துல சின்னக் கம்பெனி ஒண்ணுல சேர்ந்திருக்கேன். சம்பளம் குறைவு. ரூம்ல இன்னும் மூணு பொண்ணுங்க, நம்ம பக்கத்துக்காரிங்கதான். திரும்பவும் இப்படி ஒரு நிலைமை வந்தா என்ன செய்வன்னு ஒருத்தி கேட்டா. இதையேதான் செய்வேன்னேன்.

நிழல்லதான் இருக்கேன் அக்கா. நீ கவலைப்படாத.

சுகப்பிரியா


முள்ளக்காடு
13.07.2025

என் தங்கச்சி சுகாவுக்கு,

நாங்க எல்லாரும் சுகம். என் இடுப்புக்கு ஒண்ணும் இல்ல. புது எடத்துல தண்ணி உனக்கு ஒத்துக்கிடுதா?

நீ எழுதினதைப் படிச்சுட்டு சின்னப்பொண்ணு அழுதா. நான் அழல. எனக்குக் கோவம்தான் வந்துச்சு. அன்னைக்கு உங்க கம்பெனி வாசல்ல காத்துக்கிடந்தேன்லா, அப்ப உள்ள போறவளுவ வாரவளுவ காலையே பாத்துக்கிட்டிருந்தேன். எல்லார் காலுலயும் பூட்ஸ். செக்யூரிட்டிகிட்ட, "இதுக்கும் சம்பளத்துல பிடிப்பாங்களா"ன்னு கேட்டேன். "இல்லம்மா, வேலைக்குப் போடுறதைக் கம்பெனி சும்மாத்தான் குடுக்கணும். வீட்டுக்கு வாங்கினாத்தான் காசு"ன்னாரு.

திரும்பி வார வழியெல்லாம் பஸ்ல அதையேதான் நெனச்சுக்கிட்டு வந்தேன். நாங்க பூட்ஸ் போடுதது வேலைக்குத்தானே. உப்பு வாருதது எங்க வீட்டுக்கா? பாதி விலைன்னு சந்தோசப்பட்டோம். ஒத்த ரூபா நாங்க குடுத்திருக்கக் கூடாதுட்டி. உன் வேலையும் போயிருக்கக் கூடாது. குடுக்க வேண்டிய ஆளு காருல போறாரு.

அதனால பதினோரு பேரும் ஒரு நா கூலியை விட்டுட்டுத் தூத்துக்குடிக்குப் போயி, தொழிலாளர் ஆபீஸ்ல மனு குடுத்தோம். பூட்ஸ், கண்ணாடி, குடிக்கத் தண்ணி, உக்கார நிழலு. முதல் கையெழுத்து நான்தான் போட்டேன். உன்னைப் போடாதன்னு சொன்ன நானேதான் இங்க போட்டேன். அங்க இருந்த ஆபீசரம்மா விசாரிக்க வாரோம்னு சொல்லியிருக்காவ. வந்தாப் பாப்போம். வராட்டா திரும்பப் போவோம்.

சேதி முதலாளிக்கு அன்னைக்கே போயிட்டு. நேத்து உங்க அத்தானைக் கூப்பிட்டு, ஆள் பேரெழுதின நோட்டை எடுத்து, பேச்சி பேரை அடிக்கச் சொல்லியிருக்காரு. அவுக வீட்டுக்கு வந்து, கையைக் கழுவி, சோத்தைத் தின்னு முடிச்சுட்டுத்தான் சொன்னாவ.

"அடிக்கச் சொன்னாரு."

"அடிச்சீயளா?"

"பேனாவை அவர் முன்னால வச்சுட்டு வந்துட்டேன். அடிக்கணும்னா நீங்களே அடிங்கன்னேன்."

தட்டை எடுத்துக்கிட்டு உள்ள வந்தேன்.

முதலாளி அந்தப் பேனாவை எடுத்தாரா இல்லையான்னு எங்களுக்குத் தெரியாது. நாளைக்கு வெள்ளனே போனாத்தான் தெரியும். பேரு இருந்தா எறங்கி வாருவேன். இல்லாட்டா வரப்புல உக்காருவேன். மத்த பத்துப் பேரும் கூட உக்காருதோம்னு சொல்லிட்டாளுவ. இந்தத் தடவை அத்தானும் பாத்தியில எறங்க மாட்டாவ.

பாத்தியில உப்பு நிறைய விளைஞ்சு கிடக்கு. யாரு வாரணும்னு அவரு முடிவு பண்ணட்டும்.

நீ வயித்தைக் காயப் போடாத.

அக்கா
பேச்சி